ரொட்டிக்கு வைத்த பெயர்

அந்த ஒரு சொல்லை நான் சரியாகக் காதில் வாங்கியிருந்தால், அந்தப் பிள்ளையின் தலைமுடி இன்றைக்கும் இடுப்பு வரை தொங்கிக்கொண்டிருக்கும். தப்பு என்னுடையதுதான். ஆனால் எங்கள் தீவில், டெலானிபூர் மேட்டில் இந்தக் கதை இப்போது ஆளுக்கு ஒரு விதமாகச் சுற்றுகிறது. ஆயாவுக்குக் காது மந்தம் என்கிறார்கள். பிள்ளையின் முடியைக் கத்திரியால் வெட்டியதே நான்தான் என்று மீன் விற்கிற பெண் ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். எதிரே நின்று பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. யாராவது சத்தமாகப் பேசினாலே தரையைப் பார்க்கிற ஆள் நான். அதனால்தான் எழுதி வைக்கிறேன். இதே தீவில் பெரார்கஞ்சில் அஞ்சாம் வகுப்பு வரை படித்த தமிழ் இதற்குப் போதும்.

நான் ஆயாவாக இருப்பது ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பாதி நாள் பிரெஞ்சு, பாதி நாள் இங்கிலீஷ். இந்தத் தீவில் பிரெஞ்சு படித்து யாரோடு பேசப் போகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பெரிய மேடம் புதுச்சேரிக்காரர். பல வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு வந்து, மேட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் பள்ளியாக்கினார். பிள்ளைகள் ஐம்பது பேருக்கு மேல் தேற மாட்டார்கள். பெங்காலி, தெலுங்கு, மலையாளம், நம் பிள்ளைகள் எல்லாம் உண்டு. வகுப்புக்குள் பிரெஞ்சு. வாசற்படி தாண்டிவிட்டால் எல்லா வாயிலும் இந்தி.

எனக்குப் பெயர் வைத்ததும் பெரிய மேடம்தான். பிரெஞ்சில் அத்தை, சித்தி முறையில் இருக்கிறவர்களைப் பிள்ளைகள் 'தத்தா' என்று கூப்பிடுவார்களாம். அதனால் என்னையும் அப்படியே கூப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டார். ஒரே வாரத்தில் அது 'தாத்தா' ஆகிவிட்டது. சேலை கட்டிக்கொண்டு கேட்டில் நிற்கிற என்னைப் பார்த்து ஐம்பது பிள்ளைகளும் "தாத்தா, தாத்தா" என்று ஓடி வரும். கொண்டு வந்து விடுகிற தமிழ்க்காரத் தகப்பன்மார் வாயைப் பொத்திக்கொள்வார்கள். "என்ன தாத்தா, இன்னிக்கு மீசைய வழிச்சிட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார். நான் கூச்சத்தை விட்டு மேடமிடம் போய்ச் சொன்னேன்.

"அது அழகான வார்த்தை ஆயாம்மா. போகப் போகப் பழகிடும்" என்றார்.

எட்டு வருஷம் ஆகிறது. பழகவில்லை.

என் வேலைகளில் ஒன்று திங்கட்கிழமைதோறும் தலை பார்ப்பது. பின் வராந்தாவில் ஸ்டூல் போட்டு, பேன்சீப்பும் வெள்ளைத் துணியும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைப்பேன். பேனோ ஈரோ இருந்தால் அன்று சாயங்காலம் தாயிடம் காதோடு காதாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் காதில் விழுந்தால் அந்தத் தாய் மறுநாள் என்னைப் பார்க்க மாட்டாள். போன வருஷம் ஒரு மிஸ் தெரியாமல் இதை வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட்டார். உன் பிள்ளையிடமிருந்து என் பிள்ளைக்கு, என் பிள்ளையிடமிருந்து உன் பிள்ளைக்கு என்று பதினைந்து நாள் சண்டை. அதிலிருந்து எழுதக்கூடாது, ஆயாம்மா வாயால் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று ஆனது. பேசக் கூசுகிறவளிடம் பேசுகிற வேலையைக் கொடுத்துவிட்டார்கள்.

வருஷக் கடைசியில் ஒரு விழா உண்டு. பிள்ளைகள் படித்ததை எல்லாம் பெற்றோருக்கு ஆடிப் பாடிக் காட்ட வேண்டும். மேடம் அதை 'ஸ்பெக்தாக்ல்' என்பார். பிரெஞ்சில் நிகழ்ச்சி என்று அர்த்தமாம். சுற்றறிக்கையில் அப்படியே எழுதி அனுப்பினார். ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு தாய் கேட்டில் என்னை நிறுத்தி, "கண்ணாடி எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயமா ஆயாம்மா? என் பிள்ளைக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். இங்கிலீஷில் ஸ்பெக்டகிள் என்றால் மூக்குக்கண்ணாடி என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த விழா வந்தால் இரண்டு மாதம் பள்ளி பள்ளியாக இருக்காது. இந்த வருஷம் முதலில் மார்ச் என்றார்கள். நோன்பு நாள் என்று தள்ளினார்கள். பெருநாள் முடிந்தது; தொப்பிகள் வரவேண்டிய கப்பல் காற்றில் தாமதம் என்று மறுபடி தள்ளினார்கள். வட்டத் தொப்பி இல்லாமல் பிரெஞ்சுப் பாட்டு பாட முடியாதாம். கடைசியில் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை என்று முடிவானது. தொப்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் எல்லாம் பெரியவர்கள் அளவு. பிள்ளைகளுக்கு மூக்கு வரை இறங்கியது. ஐம்பது தொப்பிக்கும் உள்ளே மடித்துத் தையல் போட்டது நான்.

மேடைக்குப் பின்னால் தொங்கவிடப் பாரிஸ் நகரத்து இரும்புக் கோபுரத்தை வரையச் சொல்லி, போர்டு எழுதுகிற பெங்காலி பெயிண்டர் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் வரைந்து கொண்டு வந்தது செல்போன் டவர். உச்சியில் சிவப்பு விளக்குகூட வைத்திருந்தார். மேடம் தலையில் கை வைத்தார்.

"மேடம், ஆப் டவர் போலா, ஹம் டவர் பனாயா" என்றார் அவர். டவர் என்றீர்கள், டவர் வரைந்தேன். அவர் மேல் என்ன தப்பு? சிவப்பு விளக்கின் மேல் ஒரு காகிதப் பூவை ஒட்டச் சொன்னார்கள். ஏணியில் ஏறி ஒட்டினதும் நான்தான்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரொட்டிக்கடை நாடகம். அதில் ரொட்டி விற்கிறவள்தான் பெரிய வேஷம். பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் ஒருவரின் மகளுக்கு அது கிடைத்தது. ஏழு வயது. முழங்கை கனத்தில் ஒற்றைப் பின்னல், இடுப்பைத் தொடும். அந்தப் பின்னலுக்காகத்தான் அந்த வேஷமே. மேடம் அதை முன்பக்கம் எடுத்துப் போட்டு, நுனியில் சிவப்பு ரிப்பன் கட்டிப் பார்த்து, "அப்படியே பிரெஞ்சு கிராமத்துப் பொண்ணு" என்றார். பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. போகிற இடமெல்லாம் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டே போனாள். அவளுடைய அத்தா கடையை மூடிவிட்டுப் பள்ளி விழாவுக்கு வந்ததே இல்லை. இந்த வருஷம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

ரொட்டி எல்லாம் காகித ரொட்டி. பழைய பேப்பரை நீளமாகச் சுருட்டி, மைதாப் பசை பூசி, காயவைத்துப் பழுப்புச் சாயம் அடித்தது. அதை ஒரு கூடையில் அடுக்கி அவள் தலையில் சுமந்து வர வேண்டும். பிரான்சில் யாரும் ரொட்டியைத் தலையில் சுமப்பதில்லையாம். ஆனால் இங்கே பார்க்கிறவர்களுக்கு இவள் விற்பனைக்காரி என்று புரிய வேண்டுமே என்று மேடமே யோசித்துச் சேர்த்தார்.

போதாதென்று ஒரு சட்டமும் போட்டார். விழாவுக்கு முந்தின வாரம் பள்ளிக்குள் பிரெஞ்சு மட்டும்தான். தமிழோ இந்தியோ வாயில் வந்தால் சுவரில் உள்ள அட்டையில் அந்தப் பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம் குறையும். நட்சத்திரம் குறைந்தால் வேஷமும் போய்விடும் என்று பிள்ளைகளே சேர்த்துக்கொண்டார்கள். மூத்திரம் வந்தால்கூடக் காலை இடுக்கிக்கொண்டு பிரெஞ்சு வார்த்தையைத் தேடிக்கொண்டு நிற்கும். எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. அந்த ஒரு வாரம் நான் ஊமைகளுக்கு நடுவே செவிடியாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பின் வராந்தாவில் தொப்பிகளுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ஒத்திகை. அந்தப் பிள்ளை மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"தாத்தா! பேன்!" என்றாள்.

"என்னது?"

"பேன், தாத்தா! பேன்!" என்று இரண்டு கையாலும் தன் தலையைத் தட்டிக் காட்டினாள்.

இதில் நான் வேறு என்ன நினைப்பேன்? எந்தத் தமிழச்சியாவது வேறு ஏதாவது நினைப்பாளா? பிரெஞ்சில் ரொட்டிக்குப் பெயர் 'பேன்'. நாம் பேன் என்று சொல்லும்போது கடைசி எழுத்து மூக்குக்குள் போய்விடும் அல்லவா, அதே சத்தம், ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. ரொட்டிக்கூடை என் பக்கத்தில்தான் காய்ந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கித் தலையில் வை என்று கேட்டிருக்கிறாள். தமிழில் சொன்னால் நட்சத்திரம் போய்விடும். அதனால் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொல்லித் தலையைத் தட்டியிருக்கிறாள்.

நான் அவளைப் பிடித்து மடிக்கு இழுத்து வகிட்டைப் பிரித்தேன். மழை மூட்டம், வராந்தாவில் வெளிச்சம் கம்மி. முடியின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது. ஈர் என்று முடிவு கட்டினேன். அது மைதாப் பசை. காலையில் ஈரக் கூடையைத் தலையில் வைத்துப் பார்த்திருக்கிறாள். நகத்தால் ஒன்றை உருவிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். உருவவில்லை. முந்தின நாள் திங்கட்கிழமை தலை பார்க்கும் வேலையையும் ஒத்திகைக்காக நிறுத்தியிருந்தார்கள். ஐம்பது பிள்ளைக்கும் தொப்பி மாறி மாறிப் போகப் போகிறதே என்ற பதற்றம் வேறு. அவள் திமிறிக்கொண்டு "நோன், தாத்தா, நோன்!" என்றாள். அவர்கள் பாஷையில் இல்லை, இல்லை என்கிறாள். நோன்பைப் பற்றி என்னவோ சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கேட்டில் அவளுடைய உம்மா வந்ததும் பக்கத்தில் போய், தலை குனிந்தபடி சொன்னேன். "பிள்ளைக்குத் தலையில பேன் இருக்கும்மா. ஈரும் நெறைய இருக்கு. பாத்துக்கங்க."

அந்தம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மெதுவா, ஆயாம்மா" என்றார். ஒருத்தரும் பக்கத்தில் இல்லை. மறுநாள் காலைக் கப்பலில் அவருடைய நாத்தனார் மெயின்லேண்டிலிருந்து விழா பார்க்க வருவதாக இருந்தது. அது எனக்குத் தெரியாது.

புதன்கிழமை காலை அந்தம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையின் முடி காதோடு நின்றது. ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். கடையில் துணி வெட்டுகிற கத்திரி. பிள்ளையின் கண்கள் வீங்கியிருந்தன.

"ஆயாம்மா, ஒண்ணு கேக்குறேன்" என்றார் அந்தம்மா. இந்த முறை மெதுவாகப் பேசவில்லை. "ஈர் தண்ணியில கரையுமா?"

"இல்லம்மா, கரையாது."

"ராத்திரி லைட்ட போட்டுப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியே வெள்ளையா இருந்துச்சு. விடிஞ்சா நாத்தனா வந்து எறங்குறா. ஒரு தலையில பாத்துட்டான்னா ராமநாதபுரம் பூராவும் சொல்லிட்டு வருவா. வெட்டிப்புட்டேன். வெட்டிட்டுத் தலைக்கு ஊத்துனேன். ஊத்துன தண்ணியில அம்புட்டும் கரைஞ்சு போச்சு. சீப்புல ஒரு பேன் வரல. ஒண்ணுகூட வரல ஆயாம்மா. அப்ப நீங்க பாத்தது என்ன?"

நான் பிள்ளையின் பையைக் கையில் வாங்கினேன்.

"பொறந்த முடி எறக்குனதுக்கப்புறம் கத்திரி படாத முடி" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

உள்ளே ஒத்திகை தொடங்கியது. அன்றைக்குத்தான் நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். இருபது பிள்ளைகள் காகித ரொட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "து பேன்! து பேன் ஷோ!" என்று கத்தினார்கள். சுடச்சுட ரொட்டி என்று அர்த்தமாம், பக்கத்தில் நின்ற மிஸ் சொன்னார். உலகத்தில் ரொட்டிக்கு வைக்க வேறு பெயரா கிடைக்கவில்லை? முன்னாலே 'தூ' என்று துப்புவது வேறு.

மேடமிடம் போய் உள்ளதைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை நாக்கு ஒட்டிக்கொண்டது. கேட்டுவிட்டு மேடம் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "மோந்தியூ, கடவுளே! ஆயாம்மா, நான் புதுச்சேரியில பொறந்து வளந்தவ, எனக்கே இது இத்தன நாளா தோணலையே!" என்றார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. பிள்ளை முடி போய் உட்கார்ந்திருக்கிறது, இவருக்கு வேடிக்கை.

பிள்ளை அதற்குள் மேஜைக்கு அடியில் போய்விட்டாள். முடி ஏன் வெட்டினே என்று மற்றப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். பாவம், மறைக்கத் தெரியாமல், பேன் என்று உம்மா சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறாள். நம் பிள்ளைகள் இரண்டு பேர் பெங்காலிப் பிள்ளைகளுக்கும் தெலுங்குப் பிள்ளைகளுக்கும் அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன அர்த்தம் என்று விளக்கிவிட்டார்கள். அவ்வளவுதான். "பேன்காரி! பேன்காரி!" யாரையும் திட்டவும் முடியவில்லை. மிஸ் கேட்டால், "ரொட்டி விக்கிறவதானே மிஸ், பேன்காரிதானே" என்கிறார்கள். பிரெஞ்சும் தமிழும் கலந்து பேசியதற்கு நட்சத்திரம் குறைப்பதா வேண்டாமா என்று மிஸ் யோசித்துக்கொண்டு நின்றார்.

மேஜைக்கு அடியிலிருந்து அவள் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. வியாழக்கிழமையும் வந்ததும் நேராக அங்கேதான் போனாள். "வேற பிள்ளைய போட்டுடலாமா? சனிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு" என்று மேடம் மிஸ்ஸிடம் கேட்டது என் காதில் விழுந்தது. வேறு பிள்ளையைப் போட்டால் இவளுக்கு நாடகமும் போச்சு, பின்னலும் போச்சு. பேன்காரி என்ற பெயர் மட்டும் மிஞ்சும். இது சின்ன ஊர். எந்தத் தெருவுக்குப் போனாலும் அதே ஐம்பது பிள்ளைகள்தான். அந்தப் பெயர் அவளுக்குக் கல்யாணம் ஆகும் வரை கூட வரும்.

மேஜை முன்னால் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்க மாட்டேன் என்றது.

"வாடி கண்ணு, வெளிய வா. தாத்தாதான் தப்பாப் பாத்துட்டேன்."

நட்சத்திரத்தைப் பற்றி அவளுக்கு இனி என்ன கவலை? தமிழிலேயே பேசினாள். "அதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே, என் தலையில இல்லன்னு. அவங்ககிட்டச் சொல்லுங்க."

"எவங்ககிட்ட?"

"எல்லார்கிட்டயும். சனிக்கிழமை. மைக்ல."

"மைக்லயா? என்னடி சொல்ற, எனக்குப் பேச வராதும்மா."

"உம்மாகிட்டப் பேச வந்துச்சுல்ல?"

ஏழு வயதுப் பிள்ளை. எனக்குச் சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது. நான் காதோடு காதாகச் சொன்னது ஊர் முழுக்கப் போய்விட்டது. இல்லை என்பதை மட்டும் காதோடு சொன்னால் எப்படிப் போகும்?

"நீங்க சொன்னாத்தான் நான் கூடையத் தூக்குவேன்" என்று சொல்லி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சரி என்று தலையாட்டினேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. 'இந்தப் பிள்ளை தலையில் பேன் இல்லை, அது என் கண்ணில் வந்த தப்பு.' பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தேன். சரிவில் இறங்கும்போது சொல்லிப் பார்த்தேன், எதிரே வந்த ஆட்டோக்காரர் அவரிடம்தான் என்னவோ சொல்கிறேன் என்று நினைத்து, "க்யா போலா, அம்மா?" என்று வண்டியை நிறுத்திவிட்டார்.

சனிக்கிழமை வந்தது. டென்ட் ஹவுசில் வாடகைக்கு நூறு நாற்காலி கேட்டால் அறுபது வந்தது. கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட்டார்கள், அதன் சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை. அதை நிறுத்தினால் மைக் இல்லை. கரண்ட் திரும்பி வரும் வரை பெற்றோர் எல்லாம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றார்கள். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லி "பைட் ஜாவ், பைட் ஜாவ்" என்று கத்தினார்கள். வருவதாகச் சொன்ன அதிகாரி வரவில்லை. மேடம் சளைக்கிற ஆளா? கடலுக்குள் மூழ்கி மீன் பார்க்க வந்த ஒரு பிரெஞ்சுக்காரத் தம்பதியை ஏதோ ஓட்டலில் பிடித்து, சிறப்பு விருந்தினர் என்று மாலை போட்டு உட்கார வைத்துவிட்டார். இரண்டு பேருக்கும் மூக்கு வெயிலில் தோல் உரிந்து செக்கச்செவேல் என்று இருந்தது. அரைக்கால் சட்டை. நம் ஆட்கள் மேடையைப் பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராவுத்தர் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். இரண்டாம் வரிசை. ஒரு பக்கம் அந்தம்மா, இன்னொரு பக்கம் அந்த நாத்தனார். நாத்தனார் கையில் விசிறிக்கொள்ள எங்கள் சுற்றறிக்கை.

ரொட்டிக்கடை நாடகம் வந்தது. பிள்ளை ஓரத்தில் சிவப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, கூடையோடு என் பக்கத்தில் நின்றாள். கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன். அவள் அசையவில்லை. என்னையே பார்த்தாள்.

முதலில் நான் போனேன். எத்தனை அடி நடந்தேன் என்று தெரியாது. யாரோ மைக்கை என் வாய்க்கு நேரே இறக்கினார்கள். அது ஒரு கூச்சல் போட்டது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "அரே, தாத்தா ஆ கயா!" என்று, தாத்தா வந்துவிட்டதாக ஒரு பிள்ளை கத்த, கூட்டம் சிரித்தது. எனக்குத் தெரிந்த ஒரே இடம் தரை, அதைப் பார்த்தேன். பிள்ளை என் பின்னாலேயே வந்து, கூடையோடு பக்கத்தில் நின்றுவிட்டாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று. சொன்னேன்.

"இந்தப் பிள்ளை தலையில பேன் இல்ல."

இரண்டு நாள் பாடம் பண்ணியதில் பாதிதான் வந்தது. மீதி வருவதற்குள், முன் வரிசையிலிருந்த பிரெஞ்சுக்காரப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். நான் பேசிய தமிழில் அவளுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தானே. பாவம், கிழவிக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ. பிள்ளையின் தலைக்கு மேல் இருந்த கூடையைக் கையால் காட்டி, "பேன்! பேன்!" என்று எனக்கு உதவி செய்தாள்.

இரண்டாம் வரிசையில் அந்தம்மா முகத்தை மூடிக்கொண்டார். நாத்தனாரின் விசிறி நின்றுவிட்டது.

நான் விடவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து, "இல்லம்மா, பேன் இல்ல" என்றேன். அவள் "பேன்!" என்றாள். "சத்தியமா இல்ல" என்றேன். அவள் புருஷனும் எழுந்து, "பேன், பேன்" என்று அவளுக்குச் சாட்சி சொன்னான். பெரிய மேடம் ஓரத்தில் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இந்த மனுஷிக்கு ஏதாவது ஒரு நேரத்திலாவது எழுந்து வந்து காரியம் பார்க்கத் தெரியுமா?

காரியம் பார்த்தது அந்தப் பிள்ளைதான். கூடைக்குள் கையை விட்டு ஒரு நீளக் காகித ரொட்டியை உருவி, எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

"இது பேன்!" என்று கத்தினாள். பிறகு சிவப்புத் துணியை இழுத்து எறிந்து, ஏற்றமும் இறக்கமுமாக இருந்த தலையைக் குனிந்து காட்டினாள். "இதுல இல்ல! தாத்தா மாவப் பாத்துட்டுச் சொல்லிட்டாங்க!" உடனே அதையே இந்தியிலும் சொன்னாள். பெங்காலி, தெலுங்கு, மலையாளம் எல்லாருக்கும் அப்போதுதான் விளங்கியது. அந்தச் சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. ராவுத்தர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவள் நிறுத்தவில்லை, அதே மூச்சில் தன் வசனத்தைத் தொடங்கிவிட்டாள்.

"து பேன்! து பேன் ஷோ!"

நாடகத்தில் மூன்று பிள்ளைகள்தான் ரொட்டி வாங்க வேண்டும். அன்றைக்குப் பெற்றோரும் கை நீட்டினார்கள். கூடை காலி. அந்தப் பிரெஞ்சுக்காரர் ஒன்றை வாங்கி அக்குளில் செருகிக்கொண்டார். அவர்கள் ஊரில் ரொட்டியை அப்படித்தான் கொண்டு போவார்களாம். சாப்பிடுகிற பொருளை அங்கேயா வைப்பது?

விழா முடிந்ததும் அந்தம்மாவிடம் போனேன். சொல்ல வேண்டிய மிச்சப் பாதி என்னிடம் இருந்தது. "என் கண்ணுல வந்த தப்பும்மா" என்றேன்.

"முடி வளந்துரும். என் கைதானே வெட்டுச்சு" என்றார். முகம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. வெட்டிய பின்னலைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருப்பதாகப் பிள்ளை பிறகு சொன்னாள்.

ராவுத்தர் சும்மா போகவில்லை. "மேடத்தோட ஸ்பெக்டகிள் முடிஞ்சுது ஆயாம்மா. இனி நீங்க ஒரு ஸ்பெக்டகிள் வாங்கிப் போடுங்க" என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் ஒரு வாரம் கழித்து வாங்கினேன். காதுக்குப் பின்னால் அரிக்கிறது.

மேடம் என்ன சொன்னார் தெரியுமா? "அடுத்த வருஷமும் இத அப்படியே வச்சுக்கலாம் ஆயாம்மா, ரொம்ப இயல்பா இருந்துச்சு." நான் நாற்காலிகளை எண்ணப் போனேன். யாரோ எடுத்த வீடியோ பெரார்கஞ்ச் வரை போயிருக்கிறது. என்னோடு படித்தவள் ஒருத்தி போன் பண்ணி, "நீ பேசுவியாடி?" என்று கேட்டாள்.

லீவு முடிந்து பள்ளி திறந்த முதல் திங்கட்கிழமை, பின் வராந்தாவில் ஸ்டூல் போட்டேன். அந்தப் பிள்ளை வரிசையில் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முடி கழுத்தைத் தொட்டிருந்தது. பின்னால் நாலைந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வகிட்டைப் பிரித்தேன். இந்த முறை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, நிதானமாகப் பார்த்தேன்.

காதுக்கு மேலே ஒன்று ஓடியது. கறுப்பு. ஆறு கால்.

"இருக்கா தாத்தா?" என்றாள், கழுத்தைத் திருப்பாமல்.

இரண்டு பெருவிரல் நகங்களுக்கு நடுவில் அது சத்தமில்லாமல் நசுங்கியது. வெள்ளைத் துணியின் மடிப்பில் விரலைத் துடைத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்ல" என்றேன், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "அடுத்த ஆள் வா."